ஸ்டீயரிங் தண்டின் இரண்டு வேலைகள்

கார் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை ஏர்பேக், எத்தனை நட்சத்திரம் என்ற இரண்டு கேள்விகளோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஏர்பேக் பரவலாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஓட்டுநர்களின் உயிரைக் காக்கத் தொடங்கிய, இன்று அந்த ஏர்பேக்கையே தன் முனையில் தாங்கி நிற்கிற ஓர் உறுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மோதலின்போது தானாகச் சுருங்கும்படி வடிவமைக்கப்பட்ட ஸ்டீயரிங் தண்டைத்தான் சொல்கிறேன். கார்களின் உள்கட்டமைப்பைப் பற்றித் தேடிப் படிக்கும் வழக்கமுடைய எனக்கு, இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய நன்மையைச் செய்த வேறொரு உறுப்பைக் காட்டுவது கடினமாகவே இருக்கிறது.

1960களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான கார்களில் ஓட்டுநரின் கைக்குள் இருந்த ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து காரின் முன்பகுதியில் இருந்த, முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் பாக்ஸ் வரை வளையாத நீண்ட எஃகுத் தண்டு ஒன்று நேராக ஓடியது. எதிரே வரும் வண்டியிலோ மரத்திலோ கார் மோதினால் முன்பகுதி நசுங்கும். ஆனால் அந்தத் தண்டு நசுங்காது. அதன் முன்முனை எவ்வளவு தூரம் பின்னால் தள்ளப்படுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் அதன் பின்முனையும் ஓட்டுநரை நோக்கி வரும். அதே நொடியில், சீட் பெல்ட் அணியாத ஓட்டுநரின் உடல் மோதலுக்கு முந்தைய வேகத்திலேயே முன்னோக்கிச் சென்றுகொண்டிருக்கும். சக்கரத்தின் மெல்லிய விளிம்பு வளைந்து விலகிய பிறகு, அதன் நடுவில் இருக்கும் குமிழும் அதற்குப் பின்னால் நிற்கும் தண்டின் முனையும் மார்பெலும்பைச் சந்திக்கும். விலா எலும்புகள் முறிவது, இதயத் தசை நசுங்குவது, மார்புக்குள் இறங்கும் பெருந்தமனி கிழிவது, கல்லீரல் பிளவுபடுவது ஆகியவை அக்கால விபத்துகளில் ஓட்டுநர்களிடம் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட காயங்கள்.

இந்த விவரிப்பில் இரண்டு தனித்தனி ஆபத்துகள் இருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதலாவது, தண்டு ஓட்டுநரை நோக்கி வருவது. இரண்டாவது, ஓட்டுநர் தண்டை நோக்கிப் போவது. ஒன்றைத் தடுத்துவிட்டால் மற்றொன்று தானாக நீங்கிவிடாது. தண்டு ஓர் அங்குலம்கூடப் பின்னால் வராத காரிலும், அது அசையாமல் உறுதியாக நின்றால், மோதிய மார்பு உடையத்தான் செய்யும். ஆகவே நல்ல ஸ்டீயரிங் தண்டு இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: முன்னாலிருந்து வரும் தள்ளுதலை ஓட்டுநரிடம் கொண்டு சேர்க்காமல் நடுவழியில் விழுங்கிவிட வேண்டும், ஓட்டுநரின் உடல் வந்து அழுத்தும்போது, அளந்து வைத்த எதிர்ப்பைக் காட்டியபடியே மெல்லப் பின்வாங்கவும் வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் முன்பே இருந்தார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹியூ டிஹேவன் தொடங்கிய விபத்துக் காய ஆய்வுகள், ஓட்டுநர்களைக் கொல்லும் உறுப்புகளில் ஸ்டீயரிங் அமைப்பு முன்வரிசையில் இருப்பதை 1950களிலேயே காட்டின. ஃபோர்டு நிறுவனம் தன் 1956ஆம் ஆண்டு மாடல்களில், விளிம்பைவிட நடுக்குமிழ் ஆழத்தில் அமைந்த சக்கரத்தைப் பொருத்தியது. மார்பு குமிழைத் தொடுவதற்கு முன் விளிம்பு சற்று வளைந்து விசையைக் குறைக்கட்டும் என்பது அதன் நோக்கம். ஜெர்மனியில் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரெனி, முன்னும் பின்னும் நசுங்கி நடுவில் பயணிகளின் கூட்டை உறுதியாகக் காக்கும் கார் உடலுக்கு 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றிருந்தார். 1959இல் வந்த மெர்சிடஸ் டபிள்யூ 111 வரிசை அந்தக் கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாதுகாப்பான ஸ்டீயரிங் தண்டுக்கான அவருடைய காப்புரிமை 1963ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தது இயல்பானதே. முன்பகுதி நசுங்கட்டும் என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், அந்த நசுங்கும் பகுதிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நசுங்காத தண்டை என்ன செய்வது என்ற கேள்வி அவரை உடனே எதிர்கொள்ளும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர். ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே கார்வேர் காரைப் பற்றி 1965இல் அவர் வைத்த குற்றச்சாட்டுகளில் அதன் பின்சக்கரத் தொங்கலமைப்பை (சஸ்பென்ஷன்) பற்றியதே இன்று பெரிதாக நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதே காரின் ஸ்டீயரிங் தண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னால் நீண்டிருந்தது என்பதையும், மோதலில் முதலில் நசுங்கும் இடத்திலேயே அதன் முனை இருந்தது என்பதையும் அவர் எடுத்துக்காட்டியிருந்தார். என் பார்வையில் அந்த இரண்டாவது குற்றச்சாட்டே கூடுதல் வலிமையுடையது. தொங்கலமைப்பின் குறை ஓட்டும் விதத்தைப் பொறுத்து வெளிப்படலாம், வெளிப்படாமலும் போகலாம். தண்டின் குறையோ, எவ்வளவு திறமையான ஓட்டுநரும் தவிர்க்க முடியாதபடி காரின் வடிவத்திலேயே இருந்தது. 1967 மாடல் கார்வேரில் சுருங்கும் தண்டு வந்தது.

மனித மார்பு எவ்வளவு விசையைத் தாங்கும் என்று தெரியாமல் தண்டு எவ்வளவு விசையில் சுருங்க வேண்டும் என்று தீர்மானிக்க முடியாது. டெட்ராய்ட் நகரின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் பேட்ரிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த எல்லையைத் தேடினார்கள். தானமாகத் தரப்பட்ட உடல்களைக் கொண்டு அவர்கள் சோதனை செய்தார்கள். பேட்ரிக் தாமே சோதனை வண்டியில் அமர்ந்து பல நூறு முறை திடீர் நிறுத்தத்துக்குத் தம் உடலை உட்படுத்திக்கொண்டார். மார்பெலும்பின் மீது மட்டும் குவியும் விசை சுமார் 3,300 நியூட்டனைத் தாண்டினாலே ஆபத்து தொடங்குகிறது என்பதும், அதுவே தோள்களிலும் மார்பு முழுவதிலும் பரவினால் 8,000 நியூட்டனுக்கு மேலும் பெருங்காயமின்றித் தாங்க முடிகிறது என்பதும் அந்த வழியில் கிடைத்த அறிவு. விசையின் அளவைக் குறைத்தால் மட்டும் போதாது, அதைப் பரப்பவும் வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. இன்றைய ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுப்பகுதி அகன்றும் மெத்தென்றும் இருப்பதற்குக் காரணம் இதுவே. நாம் பேச்சுவாக்கில் கடந்து போகும் இந்த எண்களுக்குப் பின்னால் இறந்தவர்கள் கொடுத்த கொடையும் உயிரோடிருந்தவர்கள் ஏற்ற வலியும் இருக்கின்றன என்பதை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு உருவாக்கிய, ஆற்றலை உள்வாங்கும் ஸ்டீயரிங் தண்டு 1967 மாடல் கார்களில் அறிமுகமானது. கிரைஸ்லரும் அமெரிக்கன் மோட்டார்ஸும் அதே ஆண்டில் சுருங்கும் தண்டுக்கு மாறின. ஃபோர்டு அடுத்த ஆண்டு மாறியது. மெர்சிடஸ் கார்களிலும் 1967இலேயே உள்ளடங்கும் தண்டு வந்தது. இவற்றை வெறும் தற்செயலாகக் கொள்ள முடியாது. அரசு வாங்கும் கார்களில் இந்த வசதி இருக்க வேண்டும் என்று அமெரிக்க நடுவண் அரசின் கொள்முதல் துறை அதற்கு முன்பே நிபந்தனை விதித்திருந்தது. 1966 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். அந்தச் சட்டத்தின் கீழ் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் 203ஆம் எண்ணும் 204ஆம் எண்ணும் ஸ்டீயரிங்கைப் பற்றியவை. நான் மேலே சொன்ன இரண்டு ஆபத்துகளையும் இந்த இரண்டு விதிகள் தனித்தனியே எதிர்கொள்கின்றன. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் கார் சுவரில் மோதும்போது தண்டின் மேல்முனை 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் வரக்கூடாது என்பது 204. மனித மேலுடலைப் போன்ற சுமார் 35 கிலோ எடையுள்ள பொம்மை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்தில் மோதும்போது, மிகக் குறுகிய நொடிப்பகுதிகள் நீங்கலாக, விசை 11,120 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்பது 203.

இந்த இரண்டாம் விதியை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்த்தால் தண்டு ஏன் நீளத்தை இழக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். மணிக்கு 24 கிலோமீட்டர் என்பது நொடிக்கு சுமார் 6.7 மீட்டர். அந்த வேகத்தில் வரும் 35 கிலோ எடையின் இயக்க ஆற்றல் சுமார் 780 ஜூல். அதை 2.5 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால் சராசரி விசை 31,000 நியூட்டனாகிவிடும். விதி அனுமதிக்கும் உச்ச விசையிலேயே தொடக்கம் முதல் முடிவு வரை சீராக நிறுத்தினாலும் குறைந்தது 7 சென்டிமீட்டர் தூரம் வேண்டும். உண்மையில் விசை அப்படிச் சீராக நிற்பதில்லை, ஏறி இறங்கும். ஆகவே தூரமும் அதைவிடக் கூடுதலாக வேண்டும். அந்த உச்ச எல்லையே பேட்ரிக் குழுவினர் கண்ட எண்களைவிட உயரமானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டம் கேட்டது குறைந்தபட்சம்தான்; நல்ல வடிவமைப்பாளர் அதற்கும் கீழே நிற்க முயல்வார்.

இனி, உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஜெனரல் மோட்டார்ஸின் முதல் வடிவத்தில் தண்டைச் சூழ்ந்த உறைக்குழாயின் ஒரு பகுதி வலைபோலத் துளையிடப்பட்டிருந்தது. அழுத்தம் வந்தால் அந்த வலை, மடித்து வைக்கும் ஜப்பானியக் காகித விளக்கைப் போல வெளிப்பக்கம் புடைத்துச் சுருங்கும்; உலோகம் வளைவதற்குச் செலவாகும் ஆற்றல், மார்பை உடைத்திருக்க வேண்டிய ஆற்றல். விரைவிலேயே அதன் இடத்தை இன்னும் நேர்த்தியான ஒரு முறை பிடித்தது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்ட இரண்டு குழாய்களுக்கு நடுவே, அந்த இடைவெளியைவிடச் சற்றே பெரிய, கடினமான எஃகுக் குண்டுகளை இறுக்கி வைத்தார்கள். மேல்குழாய் கீழ்குழாயின் மீது தள்ளப்படும்போது அந்தக் குண்டுகள் குழாய்ச் சுவர்களை உழுதபடி நகரும். எத்தனை குண்டுகள், எவ்வளவு பெரியவை என்பதை மாற்றினால் எதிர்ப்பு விசையையும் வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். மெர்சிடஸ் நிறுவனம் 1976இல் வெளியிட்ட டபிள்யூ 123 வரிசையில் நெளிவுகள் கொண்ட குழாய் பயன்பட்டது. இன்றைய கார்களில் வளைந்து உருளும் எஃகுப் பட்டைகளும், கோடிட்ட இடத்தில் கிழியும் தகடுகளும் இதே வேலையைச் செய்கின்றன.

உறைக்குழாய் சுருங்கினால் அதற்குள் இருக்கும் தண்டும் சுருங்கியாக வேண்டும். ஆனால் அன்றாடம் ஓட்டும்போது அது துளியும் ஆடக்கூடாது. இதற்காகத் தண்டை இரண்டு துண்டுகளாக்கி, வட்டமாக இல்லாமல் பக்கங்கள் தட்டையாக இருக்கும்படி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுகிறார்கள். தட்டையான பக்கங்கள் சுழற்சியைக் கடத்தும். நீளவாக்கில் மட்டும் நழுவ முடியும். அந்த நழுவலைத் தடுப்பதற்குத் துளைகள் வழியே உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்திச் சிறு ஊசிகளை உள்ளேயே உருவாக்குகிறார்கள். மோதலின் விசை வந்ததும் அந்த ஊசிகள் அறுபட்டு வழிவிடுகின்றன. தண்டை டேஷ்போர்டுக்கு அடியில் தாங்கிப் பிடிக்கும் தாங்கியும் அப்படியே: போல்ட் போட்டு இறுக்கிய சிறு உலோகக் கட்டிகளை அந்தத் தாங்கி பிளாஸ்டிக் ஊசிகளால் பற்றியிருக்கும். ஓட்டுநர் பக்கமிருந்து தள்ளினால் தாங்கி கட்டிகளை விட்டுக் கழன்று முன்னோக்கிப் போகும். முன்னாலிருந்து தள்ளினால் கழலாது. ஒரே இணைப்பு ஒரு திசையில் விட்டுக்கொடுத்து மறு திசையில் உறுதியாக நிற்கும் இந்த ஏற்பாட்டை முதன்முறை புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

முன்னாலிருந்து வரும் தள்ளுதலைச் சமாளிப்பது பெரும்பாலும் கீழ்ப்பகுதியின் பொறுப்பு. இன்றைய கார்களில் மேல்தண்டுக்கும் ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் நடுவே இருபுறமும் கிராஸ் ஜாயின்ட் (கோணலாக நின்றும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) வைத்த ஓர் இடைத்தண்டு கோணலாக இறங்குகிறது. முன்பகுதி நசுங்கி ஸ்டீயரிங் பாக்ஸ் பின்னால் வரும்போது இந்த இடைத்தண்டு இணைப்புகளில் மேலும் மடங்கிக்கொள்ளும், அல்லது தனக்குள்ளேயே உள்ளடங்கும். மேலே இருக்கும் சக்கரத்துக்கு அந்த அசைவு சிறிதளவே போய்ச் சேரும்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1981இல் வெளியிட்ட மதிப்பீடு, நேருக்கு நேர் மோதல்களில் ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பை இந்த அமைப்புகள் சுமார் 12 சதவீதம் குறைத்திருப்பதாகவும், ஸ்டீயரிங்கில் மோதுவதால் வரும் கடுங்காயங்களை சுமார் 38 சதவீதம் குறைத்திருப்பதாகவும் கணக்கிட்டது. 1960 முதல் 2002 வரை வாகனப் பாதுகாப்பு வசதிகள் அமெரிக்காவில் காத்த உயிர்களை அதே நிர்வாகம் பின்னர் தொகுத்தபோது, மொத்தம் சுமார் 3,28,000 உயிர்களில் 53,000 உயிர்களை ஸ்டீயரிங் அமைப்பின் கணக்கில் வைத்தது. சீட் பெல்ட்டுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். அந்தக் காலக்கட்டத்தில் ஏர்பேக் காத்த உயிர்கள் அதைவிட மிகக் குறைவு.

ஆனாலும் 1981இன் மதிப்பீடு ஒரு குறையையும் மறைக்காமல் சொன்னது. தண்டின் நீளவாக்கிலேயே விசை வந்தால் அது எதிர்பார்த்தபடி சுருங்குகிறது. பக்கவாட்டிலோ கீழிருந்து மேலாகவோ சாய்ந்து வந்தால், குழாய்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் அழுத்தி உராய்வு பெருகி, நடுவழியில் இறுகிக்கொள்கின்றன. தண்டு சாய்வாக இருக்கிறது, ஓட்டுநரின் உடலோ கிடைமட்டமாக வருகிறது; நேரான மோதலில்கூட இரண்டும் முழுமையாகப் பொருந்துவதில்லை என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய குறை என்பது புரியும். பாதி அகலம் மட்டும் மோதும் விபத்துகளில் கார் திரும்பவும் செய்வதால் நிலைமை இன்னும் மோசமாகும். சோதனைக்கூடத்தில் தேறிய தண்டு சாலையில் சில நேரம் தவறியது இதனால்தான்.

இந்த இடைவெளியை நிரப்பியவை சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும். பெல்ட் உடலின் பாதையை நேர்ப்படுத்திப் பெரும்பகுதி ஆற்றலைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஏர்பேக் மிச்ச விசையை மார்பு முழுவதும் பரப்புகிறது. ஆனால் விரிந்த ஏர்பேக் எதன்மீது சாய்ந்து நிற்கிறது? அதே சக்கரத்தின் மீதும் அதே தண்டின் மீதும்தான். தண்டு தன் இடத்திலிருந்து மேலே எழும்பினால் ஏர்பேக்கும் மார்பை விட்டு விலகி முகத்துக்கு நேரே போய்விடும். தண்டு அளவோடு பின்வாங்கினால் ஏர்பேக்குக்குக் கூடுதல் தூரம் கிடைத்து மார்பின் சுமை குறையும். சில கார்களில், ஓட்டுநர் பெல்ட் அணிந்திருக்கிறாரா என்பதைப் பொறுத்துச் சிறு வெடிப்பொருளால் ஓர் ஊசியை விலக்கி, தண்டின் எதிர்ப்பு விசையையே அந்த நொடியில் மாற்றும் ஏற்பாடு இருக்கிறது. 1980களில் ஆடி நிறுவனம் வேறொரு வழியையும் முயன்று பார்த்தது: மோதலில் இயந்திரம் பின்னால் நகரும் அசைவையே எஃகுக் கம்பிகளின் மூலம் பிடித்து, ஸ்டீயரிங் சக்கரத்தை ஓட்டுநரிடமிருந்து இழுத்தது. ஏர்பேக் பரவலானதும் அது மறைந்துபோனது; சிந்தனையின் அழகுக்காக நான் அதைக் குறிப்பிடாமல் விட மனமில்லை.

இந்தியாவில் விற்கப்படும் கார்களுக்கும் இதேபோன்ற விதிகள் உண்டு. ஏஐஎஸ் 096 என்ற இந்திய வாகனத் தரநிலை, ஐக்கிய நாடுகளின் 12ஆம் ஒழுங்குமுறையைப் பின்பற்றி, தண்டின் பின்னகர்வையும் மேலெழும்பலையும் பொம்மையின் மீது விழும் விசையையும் அளக்கச் சொல்கிறது. ஆகவே காரை வாங்கும் நாளில் நம் ஊர்க் காரிலும் தண்டு சரியாகவே இருக்கும். என் கவலை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. இந்த அமைப்பின் உயிர்நிலை, மெல்லிய பிளாஸ்டிக் ஊசிகளிலும் வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்பட்ட இணைப்புகளிலும் இருக்கிறது. இதை அறியாத பட்டறையில், மோதலில் கழன்று தொங்கும் தாங்கியைப் பார்த்ததும் வெல்டிங் வைத்துக் கெட்டியாக்கிவிட வேண்டும் என்று தோன்றுவது மிக இயல்பு. அப்படிச் செய்த கார் ஓட்டுவதற்கு நன்றாகவே இருக்கும், சக்கரம் ஆடாது, சத்தம் வராது. அடுத்த மோதலில் மட்டும் அது 1960களின் காராகிவிடும்.

ஆகவே முன்பக்கம் அடிபட்ட காரைப் பட்டறையில் விடும்போது, டிங்கரிங், பெயின்ட் ஆகியவற்றோடு ஸ்டீயரிங் தண்டின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் அந்த அளவும், தாங்கியின் கட்டிகள் இருக்க வேண்டிய இடமும் தரப்பட்டிருக்கும். சுருங்கியிருந்தால் புதிதாக மாற்ற வேண்டும். இழுத்து நீட்டுவதோ வெல்டிங் வைப்பதோ கூடாது. ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றும்போது வராவிட்டால் தண்டின் முனையில் சுத்தியலால் தட்டுவது பலரிடம் உள்ள பழக்கம். அந்தத் தட்டலிலேயே உள்ளே பிளாஸ்டிக் ஊசிகள் அறுந்துவிடலாம் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. அதற்கென்று இருக்கும், சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைத்தான் பயன்படுத்த வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் முழு ஸ்டீயரிங் தண்டும் கிடைக்கும். அது மோதிய காரிலிருந்து வந்ததா, கழற்றும்போது கீழே விழுந்ததா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் அதை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாற்றிய தண்டு புதியதுதான் என்பதற்கு அதன் பாக எண்ணைப் பில்லில் எழுதி வாங்கி, கழற்றிய பழைய தண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.